சிங்கக் குதிரை

ஜெகதேவி பள்ளிக்கூடத்தில்
நாலாம் வகுப்பு அலமாரிக்குள்
மொத்தம் பதினோரு புத்தகம்.
பத்தை யாரும் தொடுவதில்லை.
பதினோராவதுக்குத்தான் அடிதடி.

அட்டையில் ஒரு வெள்ளைக் குதிரை.
நெற்றி நடுவில் ஒத்தைக் கொம்பு.
கொம்பில் ஒட்டியிருந்த ஜிகினாவைப்
போன வருசத்துப் பிள்ளைகள் சுரண்டிவிட்டார்கள்.
மிச்சம் நாலு புள்ளி.
ஜன்னல் பக்கம் சாய்த்தால் மினுக்கும்.

யூனிகார்ன் என்று டீச்சர் சொன்னார்.
யூனிபார்ம் என்று மாதேஸ் சொன்னான்.
சிரித்தோம். அவனும் சிரித்தான்.
அது ஒரு சிரிப்பு.

செபதி வந்தது அரைப்பரீட்சை முடிந்து.
அவள் அப்பாவுக்கு கிரானைட் கம்பெனியில்
கல்லுக்குப் பாலீஷ் போடுகிற வேலை.
சாயங்காலம் சைக்கிளில் வரும்போது
இமைமுடிகூட வெள்ளையாக இருக்கும்.
ஒடிசா எங்கே என்று
சுவரில் தொங்கும் படத்தில் அளந்தோம்.
ஒரு சாணுக்கு மேலேயே போனது.

அவள் அட்டையைத் தொட்டாள்.
கொம்பின் மேல் விரலை வைத்து
மெதுவாக
"சிங்க" என்றாள்.

சிங்கமாம்!
குதிரையைப் போய்ச் சிங்கமாம்!
பெஞ்சு ஆடும்வரை சிரித்தோம்.
முதலில் கர்ஜித்துக் காட்டியது நான்.
செபதி கையை எடுத்து
முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்,
திருடி மாட்டிக்கொண்ட கை மாதிரி.
அப்புறம் பல நாள் அவள் பேசவில்லை.
இது வேறொரு சிரிப்பு.

எங்கள் வீட்டில் கட்டாரி இருக்கிறது.
எருது விடும் விழாவில்
கொம்பில் தடுக்குக் கட்டி ஓடின எருது.
வேப்பனப்பள்ளி வரைக்கும் அதற்குப் பேர்.
ஒரு ஓட்டத்தில் மின்கம்பத்தில் மோதி
இடது கொம்பு போனது.
பேரும் போனது.
அப்பா விற்கவும் மாட்டேன் என்கிறார்,
ஓட விடவும் மாட்டேன் என்கிறார்.
மாமரத்தடியில் சும்மா மென்றுகொண்டிருக்கும்.
புது ஆள் வந்தால் முட்ட வரும்.

சனிக்கிழமை செபதி தண்ணீருக்கு வந்தாள்.
குழாயைப் பார்க்கவில்லை.
குடத்தை இறக்கிவைத்துவிட்டு
நேரே கட்டாரியிடம் போனாள்.
நான் கத்த வாயைத் திறந்தேன்.
கட்டாரி தலையைத் தாழ்த்தியது.
உடைந்த மூட்டில் அதற்கு அரிக்குமாம்.
இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாது.
அங்கே சொறிந்துவிட்டாள்,
அது கண்ணை மூடும்வரை.
பிறகு மிஞ்சிய கொம்பைப் பிடித்தபடி
என்னைப் பார்க்காமல்
"சிங்க."

எனக்குக் காது சுட்டது.

சிங்கமில்லை.
கொம்பு.
அவள் ஊரில் கொம்புக்கு அதுதான் பேர்.
முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

மன்னிப்பு கேட்க
அவள் பாஷையில் வார்த்தை தெரியாது.
என் பாஷையில் தெரியும், வாயில் வரவில்லை.
கொம்பைத் தொட்டு "கொம்பு" என்றேன்.
"கொம்ப" என்றாள்.
"சிங்க" என்றேன்.
தலையை ஆட்டினாள்.
கடைசியில் உதட்டைக் குவிக்க வேண்டுமாம்.
மூன்று தடவை சொல்லவைத்தாள்.
கட்டாரி எங்களைக் கவனிக்கவேயில்லை.

திங்கட்கிழமை நான் எழுந்து நின்று
புத்தகத்தை விரித்து
சத்தமாக வாசித்தேன்:
"ஒரு ஊரில் ஒரு ஒத்தைச் சிங்கக் குதிரை."
வகுப்பே சிரித்தது, என்னைப் பார்த்து.
செபதியும் சிரித்தாள்.
மேல்வரிசையில் அவளுக்கு ஒரு பல் இல்லை.
அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் கிடையாது.
மழையில் நனைகிற முயலை நோக்கிக்
குதிரை நடந்து வரும், அவ்வளவுதான்.
போய்ச் சேர்ந்ததா, யாருக்கும் தெரியாது.
நாங்கள் ஒரு தாள் ஒட்டினோம்.
அதில் கட்டாரி நிற்கிறது.
அதன் வயிற்றடியில் முயல்,
நனையாமல்.
கொம்பில் கோந்து தடவி,
செபதி பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த
கல்தூளைத் தூவினோம்.

ஜன்னல் பக்கம் சாய்த்தால் மினுக்குகிறது.
மாதேஸ் இப்போதே
நகத்தை வளர்க்கிறான்.